லிபரல் என்று திட்டுவதற்கு முன்னால்

போன வாரம் நண்பர்கள் மூன்று பேர் உட்கார்ந்து லிபரலிசத்தைத் திட்டினார்கள். ஒருவருக்கு அது 1991-க்குப் பிறகு வந்த தனியார்மயம், இன்னொருவருக்குக் குடும்பத்தையும் ஊரையும் மதிக்காத இந்தக் காலத்துப் பிள்ளைகள், மூன்றாமவருக்கு அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி. பேசுவது வேறு வேறு விஷயம், ஆனால் மூன்று பேரும் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். பொருளாதாரத்தைத் திறந்துவிடுவதற்குத் தாராளமயம், தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் தத்துவத்துக்குத் தாராளவாதம் (இதுதான் லிபரலிசம்) என்று தமிழில் தனித்தனிச் சொல்லே இருக்கிறது, அதையும் ஒன்றாக்கிவிட்டோம்.

அரசியல் தத்துவம் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உதாரணத்துக்கு, லிபரலிசத்தின் பெரிய சிந்தனையாளர்களில் ஒருவரான ஆங்கிலேயர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1823-ல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், 1858-ல் கம்பெனி ஆட்சி முடியும்வரை அங்கேதான் இருந்தார். இந்தியாவுக்குப் போகும் உத்தரவுக் கடிதங்களை எழுதிக் கொடுப்பது அவர் வேலை, இந்த மண்ணை அவர் மிதித்ததே இல்லை. மறு வருடமே சுதந்திரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வருகிறது. அடுத்தவருக்குக் கெடுதல் செய்யாதவரை ஒருவர் வாழ்க்கையில் அரசும் தலையிடக் கூடாது, ஊரும் தலையிடக் கூடாது என்கிறார். எவ்வளவு பெரிய வார்த்தை! ஆனால் அதே முதல் அத்தியாயத்தில், இது குழந்தைகளுக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதற்காக என்றால் சர்வாதிகாரமும் நியாயமான ஆட்சிமுறைதான் என்றும் எழுதுகிறார். அந்தப் பின்தங்கியவர்கள் நம் பாட்டன் பூட்டன்தான்.

சரி, இதைப் படித்துவிட்டு என்ன செய்வது? கொள்கை நல்லது, அதற்குப் போட்ட வேலிதான் தப்பு என்று சொல்லலாம். யாருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கொள்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டும் போய்ச் சேரும் இடம் வேறு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு வாழப்போகிறோம் என்று அம்பேத்கர் எச்சரித்தாரே, அது, எல்லோரும் சமம் என்று லிபரலிசம் கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று கேட்கும் கோபம். நண்பன், எதிரி என்று பிரிப்பதுதான் அரசியலின் சாரம் என்று சொல்லி, பாராளுமன்றம் வெறும் வாய்ப்பேச்சு என்று தாக்கிய ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மித் அந்த வாக்கே வேண்டாம் என்றவர், 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இரண்டையும் லிபரலிச விமர்சனம் என்று ஒரே மூட்டையில் கட்டினால் நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். எனக்கு அதுதான் பயம்.

அப்புறம் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல். தான் யார் என்பதையே மறந்துவிட்டு நீதியைத் தீர்மானிக்கும் மனிதனை லிபரல் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் கற்பனை செய்தார் இல்லையா, அப்படி ஒரு மனிதன் கிடையாது என்று 1982-ல் சாண்டெல் வாதாடினார். ஊரும் உறவும் வேண்டும்போது போட்டு வேண்டாதபோது கழற்றி வைக்கும் சட்டை இல்லை. எனக்கு இது ரொம்பவே பிடித்த வாதம், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வரும்வரை. அவளுக்கு ஊரும் உறவும்தான் ஆபத்து, மில் சொன்ன அந்த ஒற்றை வரிதான் அவள் பக்கம் நிற்கிறது.

அன்றைக்குப் பிள்ளைகளைப் பற்றி வருத்தப்பட்ட நண்பர் தனக்கே தெரியாமல் சாண்டெலின் வாதத்தைத்தான் பேசினார், அதில் நியாயமும் இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் கேட்க அப்போது எனக்கு நா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கேட்கப்போகிறேன்.