சாரை வரச் சொல்லுங்கள்

மெக்கானிக்: வண்டியை வைத்துவிட்டுப் போங்கள் மேடம். சாயங்காலம் சாரை வரச் சொல்லுங்கள்.

மாலதி: என்ன கோளாறு என்றே நீங்கள் இன்னும் கேட்கவில்லையே, தம்பி.

மெக்கானிக்: அதைச் சாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மாலதி: அவருக்கு எப்படித் தெரியும்? பசுமலையிலிருந்து பழங்காநத்தம் வரை தள்ளிக்கொண்டு வந்தது நான். நூறு கிலோவுக்கு மேல் இருக்கிறது இந்த ஸ்கூட்டர்.

மெக்கானிக் (தலை இன்னொரு வண்டிக்குள் இருக்கிறது): பேட்டரி போயிருக்கும்.

மாலதி: சுவிட்சை அழுத்தினால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஹாரன் அடித்தால் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடுகிறது. பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

மெக்கானிக்: சோக்கை இழுத்துப் பார்த்தீர்களா?

மாலதி: இது 2021-இல் வாங்கிய வண்டி. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6. இதில் சோக்கும் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. இழுப்பதென்றால் உங்கள் காதைத்தான் இழுக்க வேண்டும்.

மெக்கானிக் (தலை வெளியே வருகிறது): சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது மேடம்.

மாலதி: அதைக்கூடப் பார்க்காமலா இவ்வளவு தூரம் தள்ளிவருவேன்?

மெக்கானிக்: அப்படியும் தள்ளிவந்திருக்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர்...

மாலதி: மேடமா, சாரா?

மெக்கானிக் (கையைத் துடைத்துக்கொண்டு): சார்தான்.

மாலதி: கேளுங்கள். தினமும் காலையில் சாவியைத் திருப்பியதும் சீட்டுக்கு அடியிலிருந்து 'உய்ங்' என்று ஒரு சத்தம் வரும். இரண்டே விநாடி. இன்று அது வரவில்லை. இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

மெக்கானிக்: அந்தச் சத்தம் வரவில்லை என்பதைச் சார் கவனித்தாரா?

மாலதி: சாருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

மெக்கானிக் (ஸ்பேனரைக் கீழே வைக்கிறார்): பிறகு எப்படி வேலைக்குப் போகிறார்?

மாலதி: என் பின்னால் உட்கார்ந்து. 'மெதுவாகப் போ, மெதுவாகப் போ' என்று சொல்லிக்கொண்டே.

மெக்கானிக்: அப்படியென்றால் பையன் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

மாலதி: மகள்தான். ஒன்பதாம் வகுப்பு.

மெக்கானிக்: கொழுந்தனார் யாராவது?

மாலதி: மாமனார் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது, காது கேட்காது. 'உய்ங்' சத்தத்தைப் பற்றி அவரிடம் பேசுகிறீர்களா?

(பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் இங்கே சிரித்துவிட்டேன். மெக்கானிக் உடனே என்னைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் சார்" என்றார். பெட்ரோல் மூடியைத் தவிர வண்டியில் எதையும் நான் திறந்ததில்லை. ஆனாலும் சார்.)

மெக்கானிக் வேறு வழியில்லாமல் மூடியைக் கழற்றினார். சின்னஞ்சிறிய ஃபியூஸ் ஒன்றை மூக்குக் குறடால் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பி நடுவில் அறுந்து, அந்த இடம் கருகியிருந்தது. வேறொன்றை மாட்டிச் சாவியைத் திருப்பினார்.

உய்ங்.

மாலதி: இதுதான்.

மெக்கானிக்: ஃபியூஸ் சும்மா போகாது மேடம். பம்ப் திணறியிருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் போடுகிறீர்கள்?

மாலதி: நூறு ரூபாய்க்கு. தீர்ந்தால் இன்னொரு நூறு.

மெக்கானிக்: அதுதான்! பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. எப்போதும் முள் அடியில் கிடக்கும்படி ஓட்டினால் சூடேறிச் சூடேறிப் போய்விடும். பம்ப் மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. ஓட்டுகிறவர்கள் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா? இவ்வளவு அலட்சியமாகவா இருப்பது?

மாலதி: இவ்வளவு நேரம் எல்லாவற்றுக்கும் சார் வேண்டும் என்றீர்கள். திட்டுவதற்கு மட்டும் நான் போதுமா?

(மெக்கானிக் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது மாலதியின் கைப்பேசி அடிக்கிறது.)

மாலதி: சார்தான் கூப்பிடுகிறார். பேசுகிறீர்களா?

மெக்கானிக் (முகம் மலர்ந்து, கையைச் சட்டையில் துடைத்து வாங்குகிறார்): வணக்கம் சார்! பெட்ரோல் பம்ப் சார். ஃபியூஸ் அறுந்திருந்தது, மாற்றிவிட்டேன். இப்போதைக்கு ஓடும் சார். ஆனால் பம்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டேங்கில் பாதியாவது எப்போதும்... ஆமாம் சார். இல்லை சார், பெட்ரோல் பங்க் இல்லை, பம்ப். வண்டிக்குள் இருக்கிறது சார். சீட்டுக்குக் கீழே. ஆமாம், நீங்கள் உட்காரும் சீட்டுதான். சரி சார். சரி.

(கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கிறார்.)

மாலதி: என்ன சொன்னார்?

மெக்கானிக்: தனக்கு இதெல்லாம் புரியாதாம். உங்களிடம் சொல்லிவிடச் சொன்னார்.

மாலதி: சரி, சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.