நிறம் போனால் சுத்தமாகிவிடுமா?

போன வாரம் என் மகள் பள்ளிக்காக ஒரு சோதனை செய்தாள். முட்டை ஓடுகளைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்தாள். நீலச் சாயம் கலந்த தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுப் பாட்டிலை விட்டு விட்டுக் குலுக்கினாள். பொடி படிந்ததும் மேலே நின்ற தண்ணீர் நன்றாக வெளுத்திருந்தது. "தண்ணி சுத்தமாயிடுச்சுப்பா!" என்று ஓடி வந்து காட்டினாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெள்ளையாகப் போட்ட பொடி அடியில் நீலமாகக் கிடந்தது. "சாயம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயம் எங்கும் போகவில்லை. முட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சாயம் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டது, இடம் மாறியது, அவ்வளவுதான். அந்தப் பொடியைக் குப்பையில் கொட்டினால் மழையில் கரைந்து மறுபடியும் தண்ணீருக்கே வரலாம்.

துணிக்குச் சாயம் போடும் பட்டறைகளின் நிஜ கழிவுநீரில் இன்னொரு சிக்கல் உப்பு. பருத்தித் துணிக்கு அடர்ந்த நிறம் ஏற்ற ஒரு லிட்டர் சாயக் கரைசலில் 50 கிராமுக்கு மேல்கூட உப்புப் போடுவார்கள். சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு உப்பு கழிவோடு வெளியே வந்துவிடும். அதற்கு நிறமே கிடையாது. முட்டை ஓட்டுப் பொடி அதைத் தொடாது. தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வில் பிரித்து, மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்கத்தான் வேண்டும். செலவு பிடிக்கும் வேலை. அதனால்தான் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தெளிந்த தண்ணீரைக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், என் மகன் விஷயத்தில் நானே இப்படி மேலே தெரிந்ததை மட்டும் பார்த்து ஏமாந்தவன். பதிமூன்று வயதில் மளமளவென்று வளர்ந்தான். பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோது கால்சியம் சரியாக இருந்தது. சரி, குறையில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் விளையாடும்போது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது.

பால் குடிக்காததால்தான் முறிந்தது என்று சொல்ல மாட்டேன். திடீரென்று உயரும் வயதில் எலும்பு முதலில் நீளும், அதில் கால்சியம் முதலிய தாது நிரம்புவது பின்னால்தான் நடக்கும், அந்த இடைவெளியில் கை முறிவது சகஜம் என்றார் மருத்துவர். ஆனால் அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். அதனால் ரத்த அறிக்கை நன்றாகவே இருக்கும், எலும்புக்குச் சேர வேண்டியது சேராமல் போகும்.

பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளுக்கு இருபது வயதுக்குள்ளும் எலும்பு வலுவில் சுமார் 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்கப் பரிந்துரை 9 முதல் 18 வயது வரை தினமும் 1300 மில்லிகிராம் கால்சியம். ஒரு பெரிய டம்ளர் (சுமார் 250 மி.லி.) பாலில் ஏறக்குறைய 300 தான் வரும். பாலக் கீரையில் நிறைய இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தின் பெரும்பகுதியை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பால் பிடிக்காத பிள்ளைகளுக்குத் தயிர், எள், முள்ளோடு தின்னும் சின்ன மீன் என்று வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே வேளையில் அள்ளிக் கொடுத்தால் உடம்பு அத்தனையையும் உறிஞ்சாது. வைட்டமின் டி வேண்டும். ஓடிக் குதித்து விளையாடவும் வேண்டும், எலும்பு இறுகுவது அதில்தான்.

என் மகள் அறிக்கையில் "தண்ணீர் சுத்தமானது" என்ற வரியை அடித்துவிட்டு "நிறம் குறைந்தது" என்று எழுதினாள். கீழே ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறாள்: நீலமான பொடியை என்ன செய்வது? பாட்டில் இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது.