ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

ஊரிலிருந்து யாராவது சென்னையைப் பார்க்க வந்தால் நம் எல்லாரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கும். மெரினா, வண்டலூர், ஏதாவது ஒரு மால், நேரம் மிஞ்சினால் மகாபலிபுரம். கொஞ்சம் விவரமானவர்கள் இப்போது இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள பழைய கடைவீதிப் பகுதியான ஜார்ஜ் டவுனில் ஒரு நடை. டிராஃபிக் இருக்காது, கூட்டம் இருக்காது, கட்டடமெல்லாம் போட்டோவில் பளிச்சென்று விழும். நானும் அப்படி இரண்டு தடவை போனவன்தான். போன புதன்கிழமையோடு கட்சி மாறிவிட்டேன்.

மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். "ஆண்டர்சன் தெருவுல சல்லிசா கெடைக்குமாம்லா, போவமாடே?" என்றார். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதரைக்கு பீச் ஸ்டேஷனில் இறங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பீச் எங்கடே?" நியாயமான கேள்விதான். பின்னால் துறைமுகம், முன்னால் ராஜாஜி சாலை, நடுவில் அலையையே காணோம். ஒரு காலத்தில் அந்தச் சாலை ஓரம்வரை கடல் இருந்தது. கப்பல் தூரத்தில் நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறிக் கரைக்கு வரவேண்டும். துறைமுகம் வந்து கடலைத் தள்ளிவிட்டது. அதே துறைமுகத்தால் தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. கடல் போன பிறகும் ஸ்டேஷன் பெயரை விடவில்லை.

பாரிமுனையில் 1940இல் கட்டிய டேர் ஹவுஸ் பக்கம் ஒரு பழைய எல்லைத் தூண் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கோட்டையை ஒட்டி நம் ஊர்க்காரர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளி வெட்டவெளி ஆக்கினார்கள், பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக்கூடாதே! இதைத் தாண்டிக் கட்டாதே என்று நட்ட தூண்களில் மிஞ்சியது இது. அந்த வெட்டவெளியில்தான் 1892இல் ஹைகோர்ட் எழுந்தது. அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது என்றதும் சித்தப்பா, "கேஸு முடிய லேட்டாகும்னு தெரிஞ்சுதான் லைட்டு போட்டுருக்கான்" என்றார். அவருக்கு இருபது வருஷமாக ஒரு வயல் கேஸ் ஓடுகிறது.

கறுப்பர் நகரத்தோடு இடிபட்டதில் பட்டணம் கோயிலும் ஒன்று. அதற்கு ஈடாக 1760களில் எழுந்ததுதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்ன கேசவர், சென்ன மல்லீஸ்வரர் இரட்டைக் கோயில். மல்லிகை மூட்டைகளுக்கும் கட்டைப் பைகளுக்கும் நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆர்மீனியன் தெருவை நம் ஆட்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டார்கள். அங்கே அரண்மனையும் இல்லை, இப்போது ஆர்மீனியர்களும் இல்லை. 1772இல் கட்டிய தேவாலயம் மட்டும் இருக்கிறது. உள்ளே நடந்தால் காலடியில் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் இந்த ஊரில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இந்த வளாகத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ஞாயிறு விடிகாலையில் வந்த இரண்டு தடவையும் நான் பார்த்தது பூட்டிய கதவை. புதன்கிழமை திறந்திருந்தது. எங்களைத் தவிர உள்ளே ஒரு பூனை.

ஆனால் நான் கட்சி மாறியது ஆண்டர்சன் தெருவில். ஞாயிற்றுக்கிழமை அங்கே வரிசையாக ஷட்டர்தான் இருக்கும். வேலை நாளில் தெரு முழுக்கக் காகித வாசனை. கார்டு தனி, பிரிண்டிங் தனி. ஒரு கடைக்காரர் சீட்டுக்கட்டு மாதிரி நூறு கார்டை விரித்து, கட்டைவிரலாலேயே எண்ணி முடித்தார். சித்தப்பா ஒவ்வொரு அட்டையையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்கிய பழக்கம். வெளியே மீன்பாடி வண்டியில் காகித பண்டல் ஏற்றியவர், "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டே, நான் ஒதுங்குவதற்குள் என் முழங்கையை உரசிக்கொண்டு போனார். பழைய மாடங்களும் மரத்தூண்களும் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் வாங்கி விற்கத்தான் இந்த ஊர் உண்டானது. கடை அடைத்திருக்கும்போது வந்து பார்ப்பது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மொய் எழுத வருவது மாதிரி.

ஞாயிறு நடை நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களிடமிருந்துதான் பாதிக் கதையைக் கற்றேன். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வேலை நாள் சரிப்படாது என்பதும் உண்மை. நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் பைக் நிற்கிறது. கழிப்பறைக்கு அலைந்தது பெரிய கூத்து. கடைசியில் ஒரு ஓட்டலில் வேண்டாத காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனோம். அறுபத்தெட்டு வயதுக்காரரை உட்கார வைக்க ஒரு பெஞ்ச்கூட இல்லை. கோயில் திண்ணையும் கடை ஸ்டூலும்தான் காப்பாற்றின. கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

சாயந்தரம் மறுபடி பீச் ஸ்டேஷன் பக்கம் வந்தோம். அத்தோ கடை போட்டிருந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த தின்பண்டம். நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அன்று நடந்தது பதினாலாயிரம் காலடி என்று கைப்பேசி காட்டியது.

"என்னடே இது, பழைய சோத்தப் பெசையுத மாதிரி பெசையுதான்" என்று முகத்தைச் சுளித்தார் சித்தப்பா. அப்புறம் சாம்பிள் கார்டுப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டார்.