தள்ளுபடி வருவது வரட்டும், முதலில் ஸ்டேட்மெண்டை வாங்குங்க

கல்விக் கடன் பேச்சை எடுத்தால் நம்ம கொங்குப் பக்கம் இரண்டே பதில்தான். டீக்கடைப் பெரியவர் "வாங்குனா கட்டித்தானுங்க ஆகோணும்" என்பார். பக்கத்தில் நிற்கும் பையன் "எலெக்‌ஷன் வந்தா தள்ளுபடி பண்ணிருவாங்க" என்பான். 2021 சட்டமன்றத் தேர்தலில் அப்படி ஒரு வாக்குறுதி வந்தது உண்மைதான். ஆனால் கடன் கொடுத்தது பெரும்பாலும் பொதுத்துறை வங்கி. மாநில அரசு தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அந்தப் பணத்தைத் தன் கஜானாவிலிருந்து வங்கிக்குக் கட்டியாக வேண்டும். அதை நம்பித் தவணையை நிறுத்தினவர்களுக்கு வட்டி ஏறினதுதான் மிச்சம்.

இரண்டு பேருமே ஒன்றைக் கவனிப்பதில்லை. கட்டச் சொல்லும் தொகை சரியா என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கணக்கைப் பாருங்க. பி.இ. படிக்க 4 லட்சம், வருசத்துக்கு 1 லட்சமாக வங்கி கல்லூரிக்கு அனுப்புகிறது. வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்க. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு 5 வருச வட்டி 52,500. அடுத்தது 42,000, பிறகு 31,500, கடைசி லட்சத்துக்கு 21,000. மொத்தம் 1,47,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,47,000 ஆகிவிடுகிறது. இதை 5 வருசத்தில் கட்டச் சொன்னால் மாதம் சுமார் 11,760 ரூபாய். புதிதாகச் சேர்ந்த பையன் சம்பளத்தில் அறை வாடகையும் பெட்ரோலும் போக இதற்கு எங்கே போவான்? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 15 வருசம் வரை தவணை தர இடம் கொடுக்கிறது. 15 வருசமென்றால் மாதம் சுமார் 6,050. மொத்த வட்டி கூடும்தான், ஆனால் கணக்கு வாராக்கடன் ஆகாது. கிளையில் அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம், எழுதிக் கேளுங்க.

படிக்கும் காலத்தில் போடவேண்டியது தனிவட்டி. கூட்டுவட்டி ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆடிட்டர் தேவையில்லை. 1 லட்சத்துக்கு 10.5 சதவீதத்தில் 30 நாள் வட்டி 863 ரூபாய், 31 நாளுக்கு 892. இரண்டாம் வருசம் புதுப் பணம் இறங்காத மாதத்தில், அந்த லட்சத்துக்கு 950ஐத் தாண்டி வட்டி போட்டிருந்தால் வட்டிக்கு வட்டி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வட்டி விகிதம் நடுவில் மாறியிருந்தால் அதற்குத் தகுந்தபடி பாருங்க. அப்படியே கேட்காமல் ஏற்றின காப்பீட்டு பிரீமியம் இருக்கிறதா, உள்நாட்டுப் படிப்புக்கு இல்லாத பிராசஸிங் கட்டணம் பிடித்திருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்க. இதற்கெல்லாம் கடன் தொடங்கின நாளிலிருந்து முழு ஸ்டேட்மெண்ட் வேண்டும். கடைசி ஆறு மாத நகலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய ஓட்டை வட்டி மானியத்தில்தான் இருக்கிறது. 2009-10லிருந்து மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி படித்தால், அந்த 1,47,000ஐ அரசே கட்டும். அப்போது 15 வருசத் தவணை சுமார் 4,420 தான். பிறகு ஏன் பலருக்கு வரவில்லை? மாணவன் நேராக விண்ணப்பிக்கும் திட்டமாக அது ஓடவில்லை. வங்கிக் கிளைதான், மானியத்தை ஒருங்கிணைக்கும் நோடல் வங்கியான கனரா வங்கியின் போர்ட்டலில் ஏற்ற வேண்டியிருந்தது. கிளை விட்டுவிட்டால் போச்சு. கடன் வாங்கிய சமயத்தில் தாசில்தார் தந்த வருமானச் சான்றைக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் போச்சு, இப்போது போய் 2019 தேதிக்குச் சான்று கேட்டால் தரமாட்டார்கள். கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரம் இருந்ததா என்பதையும் 2018க்குப் பிறகு பார்க்கிறார்கள். நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு, உடல்நலக் காரணம் தவிர, மானியம் இல்லை. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது, ஆனால் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும். ஊருக்கு ஊர் கல்லூரி முளைத்திருக்கிற நம்ம பகுதியில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்தான் எக்கச்சக்கம்.

இதைத் தனியாளாகப் போய்க் கேட்டால் "சிஸ்டத்துல காட்டலைங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் ஒரே கிளையில் கடன் வாங்கிய பத்து இருபது பேர் ஒன்றுசேர வேண்டும். கட்சி, சாதிச் சங்கம் எதுவும் தேவையில்லை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும். முதல் வேலையாக ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு ஒரு மனுப் போடட்டும். இந்தக் கிளையில் ஆண்டுவாரியாக எத்தனை கல்விக் கடன், அதில் எத்தனைக்கு வட்டி மானியம் கோரப்பட்டது, எத்தனைக்கு வந்தது என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்க. பேர் கேட்டால் மறுத்துவிடுவார்கள். பொதுத்துறை வங்கிதான் இதற்குக் கட்டுப்படும், தனியார் வங்கி கட்டுப்படாது.

பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். இங்கேதான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். ஐம்பது பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அது ஒரே மனு, ஒரே நம்பர். ஐம்பது பேரும் தனித்தனி மனு, தன் கணக்கு விவரத்தோடு கொடுத்தால் ஐம்பது நம்பர். அது மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் மேசைக்குப் போகும்போது ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு வங்கிதான் முன்னோடி வங்கி: கோவை, திருப்பூர், ஈரோட்டுக்குக் கனரா வங்கி, நாமக்கல், சேலத்துக்கு இந்தியன் வங்கி, கரூருக்கு ஐ.ஓ.பி. அதோடு வங்கிக்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்க. பதில் வராவிட்டாலோ சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போங்க. செலவு இல்லை, வக்கீலும் வேண்டாம். வக்கீல் மூலம் போனால் எடுக்கவும் மாட்டார்கள்.

தாள் மேல் தாள் போட்டால் என்ன நடக்கும் என்பவர்களுக்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிக் குழுமத்தில் படித்து ஏமாந்தவர்களில் 15 பேர் 2015 பிப்ரவரியில் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். கூடவே, கல்லூரி ஏமாற்றினால் கடன் செல்லாது என்று யாரும் தொடாமல் கிடந்த விதியைத் தேடி எடுத்து, மற்றவர்களையும் மனுப் போட வைத்தார்கள். 2022 ஜூனில் 5,60,000 பேருடைய 580 கோடி டாலர் கடன் ரத்தானது. அங்கே கடன் கொடுத்தது அரசு, இங்கே வங்கி, எனவே "கட்டமாட்டோம்" என்ற பகுதியை இங்கே காப்பியடிக்காதீங்க. 90 நாள் தவணை தவறினால் வாராக்கடன், சிபில் என்ற கடன் மதிப்பெண் போய்விடும், ஜாமீன் போட்ட மாமனுக்கும் சேர்த்து. விதியைத் தேடிப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. கூட்டமாக நிற்பதை இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்று 1970 ஜூன் 19இல் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் குண்டடி பட்டுச் செத்தவர்கள் நம்ம விவசாயிகள்.

வசூலுக்கு வருகிறவர்கள் பற்றி. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் போய் நின்று மானத்தை வாங்குவதும் கூடாது. நாள், நேரம், நம்பர் குறித்து அதையும் புகாரில் சேருங்க. "தோட்டத்தை ஏலம் விட்டுருவோம்" என்ற மிரட்டலுக்குப் பதறாதீங்க. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கியை விடும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது, கோர்ட்டில் தீர்ப்பாணை வாங்கித்தான் வர முடியும்.

கையெழுத்தில் இரண்டு இடம் கவனம். வழக்குப் போட வங்கிக்கு இருக்கும் மூன்று வருசக் கெடு முடியும் சமயத்தில் கடனை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்று நீட்டுவார்கள். அதில் கையெழுத்து விழுந்தால் அந்தக் கெடு புதிதாக ஆரம்பிக்கும். போடுவதும் போடாததும் உங்க இஷ்டம், படித்துவிட்டுப் போடுங்க. இன்னொன்று லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம். வட்டியைக் குறைத்து முடிக்க நல்ல இடம்தான், ஆனால் அங்கே எழுதும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஒத்துக்கொண்ட தவணையைத் தவறவிட்டால் வங்கி நேரே கோர்ட் மூலம் வசூலிக்கும் நிறைவேற்று மனுவுக்குப் போய்விடும். உங்களால் முடிகிற தொகையை வீட்டிலேயே கூட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போங்க. குறைத்த தொகைக்கு ஒரே தடவையில் பேசி முடித்தால் சிபிலில் "முடிக்கப்பட்டது" என்று வராமல் "செட்டில்" என்று வரும், நாளைக்கு வீட்டுக் கடனில் அது இடிக்கும். அதனால் ஸ்டேட்மெண்டில் தப்பு இருப்பவர்கள் முதலில் வட்டியைத் திருத்த வைத்துவிட்டு, அப்புறம் செட்டில்மெண்ட் பேசுங்க.