ரிஸ்க் ஓஎஸ் பிழைக்க வேண்டுமென்றால் அது தமிழும் மலையாளமும் படிக்க வேண்டும்

ரிஸ்க் ஓஎஸ் என்று ஒரு இயங்குதளம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் உடன்பிறப்பு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. போனுக்குள் ஓடுகிற ஆர்ம் சிப்பைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் உயிர் பெற்றது. அதை வைத்து 1987இல் ஆர்க்கிமிடீஸ் என்ற வீட்டுக் கணினி வந்தது. அந்தக் கணினிக்காக வளர்ந்ததுதான் ரிஸ்க் ஓஎஸ். சிப் உலகத்தையே பிடித்துவிட்டது. கணினியோ, 1998இல் ஏகார்ன் கணினி செய்வதையே நிறுத்தியபோது நடுத்தெருவில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வருத்தமானது. ஒரே இயங்குதளம் இரண்டு கம்பெனிகளின் கையில் இரண்டு கிளைகளாகப் பிரிந்து, இருந்த கொஞ்சம் பேரும் இரண்டு அணியாகி, பத்து வருடத்துக்கு மேல் வீணானது. 2018இல்தான் ரிஸ்க் ஓஎஸ் டெவலப்மென்ட்ஸ் என்ற கம்பெனி உரிமையை வாங்கி, மூலநிரலை அப்பாச்சி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று அதைக் கட்டிக் காப்பவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில், சிறுவயதில் அதில் வளர்ந்து இப்போது நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இதை எப்படி மீட்பது என்ற பேச்சு வந்தாலே மூன்று பதில்கள் வரும். நல்ல பிரவுசர் வேண்டும். இப்போதுள்ள 32 பிட்டிலிருந்து, புதுச் சிப்கள் கேட்கிற 64 பிட்டுக்கு மாற வேண்டும். சிப்புக்குள் இருக்கிற பல மூளைகளில், அதாவது கோர்களில், ஒன்று மட்டும் ஓடுகிற நிலை மாறி எல்லா கோர்களும் ஓட வேண்டும். மூன்றும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே ஏற்கெனவே இருப்பவர்களைத் தக்கவைக்கிற வேலை. புதிதாக ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதன் முன்னால் வந்து உட்காருவதற்கு இவற்றில் எதுவும் காரணம் ஆகாது. அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறாள். சித்தூர் தாலுகா முழுக்க இருக்கிறாள். அந்தப் பக்கம் மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் பள்ளிகளிலும் இருக்கிறாள்.

நான் இங்கே கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம் மீடியம்.

2015 வாக்கில் கேரள அரசு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினிப் பலகையைக் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகள் காலேஜ் முடித்து கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பலகைகள் பீரோ இழுப்பறையில் கிடக்கின்றன. இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்பையும் அதன் பிரவுசரையும் அதில் போட்டால் பலகை மூச்சு வாங்கும். அதே பலகையில் ரிஸ்க் ஓஎஸ் போட்ட எஸ்டி கார்டைச் செருகி டிவியில் மாட்டினால் சில நொடிகளில் திரை வந்துவிடுகிறது. "அண்ணா, இது லோடே ஆகலையே, அதுக்குள்ள வந்துருச்சுங்க?" என்று ஒரு பையன் கேட்டான். ரிஸ்க் ஓஎஸ்ஸின் கரு முழுவதும் சில எம்பிதான். நாம் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவு.

வேகம் மட்டும் காரணமில்லை. எஃப்12 அழுத்தி பேசிக் என்று தட்டினால் பிபிசி பேசிக் என்ற எளிய நிரல்மொழி வந்து நிற்கிறது. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், அக்கவுண்ட் திறக்க வேண்டாம், இன்டர்நெட்டே வேண்டாம். மூவ் என்றும் ட்ரா என்றும் இரண்டு வரி எழுதினால் திரையில் கோடு விழுகிறது. கொஞ்சம் தேறிய பிள்ளை அதே பேசிக்குக்குள்ளேயே ஆர்ம் அசெம்பிளி எழுதிப் பார்க்கலாம். தன் அம்மாவின் போனுக்குள் இருக்கிற சிப்பின் பாஷையை வாயனசாலை மேசையில் உட்கார்ந்து ஒரு பள்ளிப் பிள்ளை எழுதிப் பார்க்க முடிகிற வேறு கணினியை எனக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் ஒரு அப்ளிகேஷன் என்பது பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்ட ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். படம், ஜன்னல்களின் வடிவம், மெனுவில் வரும் வார்த்தைகள் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். அந்த வார்த்தைகள் மெஸேஜஸ் என்ற ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கின்றன. அதைத் திறந்து மாற்றினால் அப்ளிகேஷன் பேசுகிற பாஷையே மாறிவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் கோடை விடுமுறைக்குள் ட்ரா, பெயின்ட், எடிட் என்ற மூன்று அப்ளிகேஷன்களையும் தமிழாக்கிவிடுவார்கள்.

ஆனால் முடியவில்லை. ஏனென்றால் ரிஸ்க் ஓஎஸ்ஸுக்கு எங்கள் ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காகக் காட்டத் தெரியாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கொழிஞ்சாம்பாறையின் முதல் எழுத்து கொ. கணினிக்குள் அது க, அப்புறம் ஒகரக் குறி என்று வரிசையாகத்தான் இருக்கும். திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறு பாதி பின்னாலும் போக வேண்டும். மலையாளத்தில் இன்னும் சிக்கல். இரண்டு ககரம் சேர்ந்தால் புதிதாக ஒரு கூட்டெழுத்தே பிறக்கும். இந்த ஒழுங்கைச் செய்ய இடையில் ஒரு மென்பொருள் அடுக்கு வேண்டும். ரிஸ்க் ஓஎஸ்ஸின் எழுத்துரு மேலாளர் யூனிகோடு எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் இந்த ஒழுங்கைச் செய்யாது. விளிம்பு பிசிறில்லாத எழுத்தை 1990களின் தொடக்கத்திலேயே சாதாரண வீட்டுத் திரையில் காட்டிய இயங்குதளம் இது. எழுத்தழகில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் செய்த ஒன்று, நம் எழுத்தின் முன்னால் திகைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஹார்ஃப்பஸ் என்ற திறந்தநிலை நூலகம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதை ரிஸ்க் ஓஎஸ்ஸில் ஒரு மாட்யூலாகக் கொண்டுவந்து எழுத்துரு மேலாளரோடு இணைக்க வேண்டும். பிறகு தமிழ்99 விசைப்பலகை, மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட். எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு மலையாளத்துக்கு மீராவும் மஞ்சரியும் தந்ததோடு நிற்காமல், தமிழுக்கு மீரா இனிமை என்ற எழுத்துருவையும் இலவசமாகத் தந்திருக்கிறது. எல்லையின் இரு பக்கமும் வாழ்கிற எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்துரு கிடைக்காது.

நவீன பிரவுசர் என்பது கோடிக்கணக்கான வரி நிரல், அதுவும் மாதாமாதம் மாறிக்கொண்டே இருப்பது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் அதன் பின்னால் ஓடினால் ஆயுசு முழுக்க ஓட வேண்டியதுதான். எழுத்து ஒழுங்கு அப்படியில்லை. ஒரு முறை செய்தால் நிற்கும். அது நின்றால் தமிழ், மலையாளம் மட்டுமில்லை, கன்னடம், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும். ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் அமைப்பு, குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று பொதுமக்களிடம் பணம் சேர்த்து அதைச் செய்பவருக்குக் கொடுக்கும் முறையை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் தலையில் இந்திய எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பணம் கொடுக்க நாமும் தயாராக வேண்டும். அவர்களே எல்லாம் செய்து தரட்டும் என்று கைகட்டி நிற்பது சரியில்லை.

பிரவுசர் இல்லாத கணினியை யார் சீந்துவார்கள் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், வீட்டில் பிரவுசர் ஏற்கெனவே இருக்கிறது, போனில். யூடியூபும் வாட்ஸ்அப்பும் அங்கேயே இருக்கட்டும். ரிஸ்க் ஓஎஸ் வீட்டின் இரண்டாவது கணினியாக இருந்தால் போதும். இதில் ஒரு அப்ளிகேஷன் அடம்பிடித்தால் மொத்தமும் நின்றுபோகும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துப் பூட்டும் ஏற்பாடும் கிடையாது. பேங்க் வேலைக்கெல்லாம் தயவுசெய்து வேண்டாம். கற்பதற்கு என்றால் இவ்வளவு திறந்த வீடு வேறெங்கும் இல்லை. போதாக்குறைக்கு 2024 ஏப்ரலில் வந்த 5.30 பதிப்பில், வைஃபை உள்ள பை பலகைகளில் அந்த வசதியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வேண்டிய கோப்பை இறக்கிக்கொள்ள அது போதும்.

64 பிட் விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் வந்த பை 5இல் ரிஸ்க் ஓஎஸ் நேரடியாக ஓடாது. விசைப்பலகைக்குள்ளேயே கணினி இருக்கும் பை 400இல் ஓடும், அதன் தம்பி பை 500இல் ஓடாது. அந்தப் புதுச் சிப்பில் இயங்குதளத்தின் கரு 64 பிட்டில்தான் இருக்க முடியும். ரிஸ்க் ஓஎஸ்ஸின் பெரும்பகுதியோ கையால் எழுதிய 32 பிட் அசெம்பிளி. அதை மாற்றி எழுதுவது வருடக்கணக்கான வேலை, செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதுவரை ஒன்றும் முடியாது என்ற பயம் தேவையற்றது. இதுவரை 6 கோடிக்கு மேல் விற்ற பை பலகைகளில் பெரும்பகுதி பை 5க்கு முந்தையவை. ஒரு கணினியை இன்னொரு கணினி போல நடிக்கவைக்கும் ஆர்பிசிஎமு என்ற இலவச எமுலேட்டர் மூலம் பள்ளியில் இருக்கும் லினக்ஸ் லேப்டாப்பிலும் இதை ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய கதை ஒன்றையும் இங்கே மறக்கக் கூடாது. ஏகார்ன் செய்த பிபிசி மைக்ரோ என்ற கணினி 15 லட்சத்துக்கு மேல் விற்றதற்குக் காரணம் வெறும் கருவி இல்லை. பிபிசி அதற்காக டிவி நிகழ்ச்சி நடத்தியது, புத்தகம் போட்டது, பள்ளிகளைத் தயார் செய்தது. அதே பிபிசி மைக்ரோ 1984இல் கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. வந்த பெட்டிகளுக்கு ஈடாக ஆசிரியர் பயிற்சி வரவில்லை, பிள்ளைகளின் பாஷையில் பாடமும் வரவில்லை. அதனால் அது இங்கே வேர் பிடிக்கவில்லை. பிறகு கேரளம் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தது. ஐடி பாடப்புத்தகம் இங்கே தமிழிலும் கிடைக்கிறது. அதனால்தான் இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது அந்நியமான பெயர் இல்லை. பெட்டியை நட்டால் மட்டும் முளைக்காது, டீச்சர் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆகவே இங்கிலாந்து நண்பர்கள் கண்காட்சிகளில் தங்களுக்குள் கூடிப் பேசுவதோடு நிற்காமல், லிட்டில் கைட்ஸ் மாதிரியான பள்ளிக் கணினி மன்றங்களின் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு எஸ்டி கார்டு, அதில் ரிஸ்க் ஓஎஸ், கூடவே ஐம்பது பக்கத்தில் எளிய தமிழிலும் மலையாளத்திலும் பேசிக் பாடம். இதற்குப் பெரிய பணம் ஆகாது. பாடத்தின் தமிழ்ப் பகுதியை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கோடு வரைவது, பெருக்கல் வாய்ப்பாடு, ஒரு சின்ன விளையாட்டு வரைக்கும் வந்திருக்கிறது. மலையாளத்துக்கு ஆள் வேண்டும். சி நிரல் எழுதத் தெரிந்து, எழுத்துரு விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் ஹார்ஃப்பஸ் வேலையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கூடிப் பேசலாம்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் பழைய ராஸ்பெரி பை இருந்தால் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். முதல் மாடலிலிருந்து பை 4 வரை எதுவானாலும் பரவாயில்லை, சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை வாயனசாலையில் கொடுத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.