‘பேசுமா?’ன்னு இன்னும் ஒருத்தர் கேட்டா…

மூன்று வாரத்தில் என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கூண்டுக் கிளியைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “பேசுமா?” தண்ணீர்க் குழாய் சரிபார்க்க வந்தவர் கேட்டார். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் கேட்டார்கள். காவடிக்கு நன்கொடை வாங்க வந்த பெரியவர், ரசீதுப் புத்தகத்தை எடுப்பதற்கு முன்பே கேட்டார். நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லாமல் உரித்த கோழி மாதிரி ஒரு பறவை நிற்கிறது. “ஐயோ, இதுக்கு என்ன ஆச்சு?” என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுடையது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் ஒரே சுவரை இரண்டாகப் பங்கு போட்டுக் கட்டியவை. அவர்கள் வீட்டில் தும்மினால் எனக்குக் கேட்கும். அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார்கள், பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று. போகும் முன் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை மேசையில் வைத்தார் அந்த வீட்டு ஆயா, அதாவது பாட்டி. “அது பாட்டுக்குக் கிடக்கும்மா. தண்ணியும் விதையும் வெச்சாப் போதும்.” கூடவே ஒரு பை நிறையச் சூரியகாந்தி விதை, ஒரு பெரிய பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸ், மருமகள் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. சீட்டில் மூன்றாவது வரி: ‘சாயங்காலம் ஆவோ ஒரு துண்டு, ரொம்பப் பிடிக்கும்.’

ஆவோ என்றால் ஆவக்காடோ. இங்கே பாதி வீட்டுக் கொல்லையில் அந்த மரம் நிற்கிறது, காய்க்கிற காலத்தில் வாளி வாளியாக வந்து விழும். நமக்கு ரொட்டியில் தடவ நல்லது. கிளிக்கு விஷம். அதில் இருக்கும் பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைப் பிடிக்கும், மூச்சு வாங்கும், ஒன்றிரண்டு நாளில் ஆளையே முடித்துவிடும். இத்தனை நாள் அது பிழைத்துக் கிடந்தது யார் செய்த புண்ணியமோ! அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை இருக்கிறதே, சரி விடுங்கள்.

முதல் நாள் ராத்திரி தையல் டேப்பை எடுத்துக் கூண்டை அளந்தேன். அகலம் 45 சென்டிமீட்டர். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி சிறகை விரித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 46 முதல் 52 சென்டிமீட்டர் வரும். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. இந்த ராஜா (பெயரைப் பாருங்கள், ராஜாவாம்) இவர்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஆறு வருஷமாகச் சோம்பல் முறிக்கக்கூட முடியாத ஒரு ராஜா. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் குச்சி, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். காலெல்லாம் அடியில் சிவந்து காய்த்துப்போயிருந்தது. மரக்கிளை எங்காவது ஒரே தடிமனில் இருக்குமா? கொல்லையிலிருந்து ஒரு கொய்யாக் கிளையை ஒடித்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஏழு நிமிஷம் ஆனது. கிளையை நன்றாகக் கழுவியதையும் சேர்த்து.

சூரியகாந்தி விதை கதைக்கு வருகிறேன். கிளி என்றால் விதை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அது அதற்கு முறுக்கு, சீடை மாதிரி. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாது, நாமும் சொல்ல மாட்டோம். கொழுப்பு நிறைய. வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் இல்லாத குறைதான். சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் மனிதருக்கு வருவது மாதிரியே வலிப்பு வரும். கூண்டுக்குள் தலைகுப்புற விழுந்து சிறகை அடித்துக்கொள்ளும். அதைப் பார்த்து “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்ட வீடு ஒன்றை நான் அறிவேன். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் கீரை வாங்கியிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், டாக்டரிடம் காட்டட்டுமா என்று. பழனி மலைப்படியில் நின்றுகொண்டு பதில் போட்டார் மகன்: “கிளிக்கு டாக்டரா, அக்கா?” அப்புறம் சிரிப்புப் படம் நாலு.

அந்த வீட்டு நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. பூனை இருந்தபோது அதற்கும் இருந்தது. கிளி மட்டும் கடவுள் விட்ட வழி. சரி என்று நானே கொண்டுபோனேன். வழக்கமான மிருக வைத்தியர் கூண்டைப் பார்த்ததும், “நான் நாய், பூனைதான் பார்ப்பேன்” என்று கையை விரித்துவிட்டார். பறவை பார்க்கிறவர் முக்கால் மணி நேரப் பயணத்தில் இருந்தார். அவர் ராஜாவை ஒரு துவாலையில் சுற்றி, மார்பைத் தடவி, என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். மார்பெலும்பு கத்தி விளிம்பு மாதிரி கையில் தட்டியது. “பறக்காத பறவைக்கு இங்கே சதை இருக்காது” என்றார். எடை 370 கிராம். 400-க்கு மேல் இருக்க வேண்டிய பறவை. வாயைத் திறந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வைட்டமின் ஏ இல்லாத கோளாறு என்றார். இறகைப் பிடுங்கிக்கொள்வதற்கு நோயும் காரணமாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். நாலு நாளில் முடிவு வந்தது, நோய் எதுவும் இல்லை. அப்படியென்றால்? வேலையில்லை, துணையில்லை, தூக்கமில்லை. தன்னைத்தானே பிடுங்கிக்கொள்வதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பறவைகளுக்கு ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ராஜாவின் கூண்டு அவர்கள் வீட்டில் இருப்பது டிவிக்கு நேர் மேலே. சீரியல் முடிந்து, கிரிக்கெட் முடிந்து, பேரன் வீடியோ கேம் முடித்து விளக்கை அணைக்கும்போது நடுராத்திரி ஒரு மணி. காலையில் ஐந்துக்கு ஆயா எழுந்துவிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் நேராக அதன் முகத்துக்கு நேரே சாம்பிராணி. பறவைக்கு நம்மைப் போல நுரையீரல் மட்டுமில்லை, உடம்பு முழுக்கக் காற்றுப் பைகள். நாம் ஒரு இருமலோடு விடுவதை அது முழுசாக வாங்கிக்கொள்ளும். ஒட்டாத வாணலியை அடுப்பில் மறந்து காய விட்டால், அந்த டெஃப்ளான் பூச்சு சூடேறி வரும் புகையில் சில நிமிஷத்தில் கிளி செத்து விழும். நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இதை நான் சொன்னபோது ஒரு அம்மா, “அப்போ தோசைக்கல்லை மாத்தணுமா?” என்று ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியமா என்றால், இல்லை. தென்காசியில் சின்ன வயதில் தென்னை மரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இறக்கையை வெட்டி, தினமும் பச்சை மிளகாய் கொடுத்தோம், காரம் சாப்பிட்டால் நன்றாகப் பேசுமாம். பறவைக்குக் காரமே தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது. 1972-லேயே வந்த வனவிலங்குச் சட்டப்படி அந்தக் கிளியை வீட்டில் வைப்பதே தப்பு என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இரண்டே வருஷத்தில் ஒரு மழைநாளில் செத்துப் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அடுத்த கிளி வந்தது. எனக்கு அப்போது வயது பத்து, வீட்டுப் பெரியவர்களுக்கு நாற்பது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் நிலைமை இன்னும் விசித்திரம். சாம்பல் கிளி இந்த நாட்டுப் பறவையே இல்லை. காங்கோ, கேமரூன், கானா பக்கத்துக் காட்டுப் பறவை. கானாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. 2016-இல் இதே ஜோஹானஸ்பர்க்கில் உலக நாடுகள் எல்லாம் கூடித்தான் காட்டில் பிடித்த சாம்பல் கிளியின் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை போட்டார்கள். அதே நாட்டில்தான் கூண்டிலேயே பிறந்த சாம்பல் கிளிகள் மூட்டை மூட்டையாக வளர்க்கப்பட்டு உலகமெங்கும் போகின்றன. அதனால் இங்கே கிளி சுலபமாகக் கிடைக்கிறது. சுலபமாகக் கிடைப்பதற்கு நம்மிடம் என்ன மரியாதை? கல்யாண நாள் பரிசு, பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு. 40, 50 வருஷம் வாழப்போகிற ஒரு உயிரை, அறுபது வயதுக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். ராஜாவுக்கு வயது ஒன்பது, இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில் கடிக்கிறது என்று தள்ளிவிட்டார்கள், இரண்டாவதில் தூசி கொட்டுகிறது என்று.

கடிக்காமல் என்ன செய்யும்? பேரன் கம்பிக்குள் பேனாவை விட்டு விட்டு எடுக்கிறான். அதன் மஞ்சள் கண்ணில் கருவிழி சட்டென்று சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும். ‘வராதே’ என்று அது சொல்லிவிட்டது, இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? நமக்குத் தமிழிலோ இங்கிலீஷிலோ சொன்னால்தான் பேச்சு. ‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்று பழகிய வாய் நம்முடையது. அமெரிக்காவில் அலெக்ஸ் என்று ஒரு சாம்பல் கிளி இருந்தது, 2007-இல் இறந்தது. நூறு சொல்லுக்கு மேல் தெரியும். நிறம், வடிவம் கேட்டால் பிரித்துச் சொல்லும், ஒரு தட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணும். அப்படிப்பட்ட மூளையை 45 சென்டிமீட்டருக்குள் அடைத்து, ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டு, “விளையாடு” என்கிறோம்.

ராஜா என்ன பேசும் தெரியுமா? மூன்றே மூன்று. வாசல் கேட் ரிமோட் சத்தம், திருட்டு அலாரம் போடும்போது வரும் கீக் கீக், அப்புறம் ஆயாவின் குரலில் அச்சாக, “வாயை மூடு.” அதனிடம் அந்த வீட்டில் அதிகமாகச் சொல்லப்பட்டது எது என்று இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? இன்னொரு வயிற்றெரிச்சல்: அந்த வீட்டுப் பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. ஆயாவுக்கு அடுத்து அங்கே தமிழ் பேசுவது கிளிதான்.

ஆயாவை நான் வில்லியாக்கவில்லை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து, ‘இனிமேல் இந்தியர் இங்கேதான் இருக்கணும்’ என்று அரசாங்கம் லாரியில் ஏற்றி சாட்ஸ்வொர்த்தில் இறக்கிய தலைமுறை அவர். “எங்களைக் கொண்டாந்து டப்பா வீட்டுல அடைச்சானுங்கம்மா” என்று இன்றைக்கும் குரல் நடுங்கச் சொல்வார். சொல்லும்போது தலைக்கு மேல் அந்தக் கூண்டு ஆடிக்கொண்டிருக்கும்.

“நாங்க பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்” என்பதுதான் எல்லாருடைய பதிலும். பாசம் இல்லை என்று யார் சொன்னது? பாசம் வண்டி வண்டியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த உயிர் என்ன தின்னும், எப்படித் தூங்கும் என்று படிக்கத்தான் பொறுமை இல்லை. சட்டம்கூட இருக்கிறது இந்த நாட்டில், 1962-லிருந்து. போதிய இடமும் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் ஒரு பிராணியை அடைத்துவைத்தால் குற்றம். அதில் பறவையும் சேர்த்தி. நாய்ச் சங்கிலிக்குப் போலீஸைக் கூப்பிடுகிறவர்கள்கூடக் கிளிக்கூண்டைப் பார்த்தால் “பேசுமா?” என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்று வாரமும் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. காலையும் மாலையும் கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, கீரை நறுக்கி வைத்தேன். முதல் ஐந்து நாள் தூக்கித் தூக்கி எறிந்தது, தரையெல்லாம் ஆரஞ்சு. ஆறாவது நாள் ஒரு துண்டைக் காலில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கடித்தது. ஏழு மணிக்குக் கூண்டைத் துணியால் மூடினேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் பகலில் வெளியே விட்டேன். பறக்கத் தெரியவில்லை, ஃபிரிட்ஜ் மேலிருந்து தொப்பென்று விழுந்தது. அடுத்த நாள் மறுபடி ஏறியது. எங்கள் தெரு மின்கம்பியில் சாயங்காலம் பச்சைக்கிளிக் கூட்டம் வந்து கத்தும். எப்போதோ நம்மவர் கூண்டுகளிலிருந்து தப்பியவற்றின் வம்சம், இப்போது டர்பன் முழுக்கப் பரவிவிட்டது. அவை கத்தும்போது ராஜா அசையாமல் நின்று கேட்கும்.

போன ஞாயிறு வந்துவிட்டார்கள். எனக்கு விபூதி, குங்குமம், சட்டம் போட்ட மீனாட்சி படம், கையில் கிளியோடு. நான் டாக்டர் சொன்னதை எல்லாம் எழுதிக் கொடுத்தேன், பெரிய கூண்டு எங்கே கிடைக்கும் என்றும் எழுதினேன். மகன் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆயா கேட்டார், “என்னம்மா, புதுசா ஏதாச்சும் பேசக் கத்துக்கிச்சா?” இல்லை என்றேன்.

அது பொய் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அலறல் முடிந்து, நடுராத்திரி தாண்டி, டக் டக் டக் என்று சத்தம் வருகிறது. இந்நேரத்தில் யார் காய் நறுக்குகிறார்கள் என்று முதல் நாள் எழுந்து உட்கார்ந்து கேட்டேன். என் கத்தி, என் பலகை, கேரட் நறுக்கும்போது நடுவில் நான் நிறுத்துகிற இடைவெளிகூட அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் அடிக்கும், நிறுத்தும், மறுபடி அடிக்கும். நேற்று மூன்றாம் முறை அடித்தபோது ஆயா எழுந்து வந்து சொன்னது எனக்கும் கேட்டது. “வாயை மூடு.”