அந்தச் சுவரில் எழுதியிருந்தது வேறு

‘ஹோம்லேண்ட்’ என்ற அமெரிக்க உளவுத் தொலைக்காட்சித் தொடர் அரபு மக்களை நேர்மையாகவே காட்டியது, சுவர் எழுத்துக்குக்கூட அரபு தெரிந்த ஓவியர்களை அமர்த்தினார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓவியர்களை அமர்த்தியது உண்மை. நேர்மைக்கு அதைச் சான்றாகக் காட்டுவதுதான் தவறு.

2015-இல் ஐந்தாம் பருவத்துக்காக, பெர்லினில் சிரிய அகதி முகாம் போல அரங்கு அமைத்தார்கள். ஹெபா அமீன், கேரம் காப், டான் கார்ல் ஆகிய மூவரைச் சுவரில் எழுத அழைத்தார்கள். அவர்கள் அரபியில் எழுதியது: ‘ஹோம்லேண்ட் இனவெறி கொண்டது.’ இன்னோர் இடத்தில், ‘ஹோம்லேண்ட் ஒரு நகைச்சுவை, எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.’ படப்பிடிப்பில் ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. நடிகை அந்தச் சுவரைக் கடந்து நடக்கும் காட்சி அக்டோபரில் அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. தாங்கள் காட்டும் மக்களின் மொழியை வெறும் கோலமாகப் பார்த்தவர்களை அக்கறையுள்ளவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது ஒருமுறை நேர்ந்த கவனக்குறைவும் அல்ல. 2012-இல் பெய்ரூட்டின் ஹம்ரா தெருவை ஆயுதக் குழுக்களின் கூடாரமாகக் காட்டினார்கள். உண்மையில் அது காப்பிக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த தெரு. லெபனானின் சுற்றுலா அமைச்சர் வழக்குத் தொடரப்போவதாகவே அறிவித்தார். அந்தக் காட்சிகளைப் படமாக்கியதும் பெய்ரூட்டில் அல்ல, இஸ்ரேலில்.